சிறிய போர்டும் பெரிய வாட்டும்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு அட்டை. அதன் நடுவே ஓர் அலுமினியத் துண்டு. ஒரு பக்கம் மின்சாரம் நுழையும் முனை. மறுபக்கம் இரண்டு ஸ்பீக்கர்களை இணைக்கும் முனைகள். முன்னால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். இவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இத்தகைய போர்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். விலை சில நூறு ரூபாய். ஆனால் உறையைத் திருப்பிப் பார்த்தால் “50 + 50 வாட்” என்றும் “100 வாட்” என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். இவற்றை “டி வகுப்பு ஆம்ப்ளிபயர்” என்பர்.

எங்கள் அறிவியல் மன்றம் இவ்வாண்டு இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. மொழிப் பாடத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பயிற்சி நடக்கும்போது, கைப்பேசியின் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டுவதில்லை. கடைசி வரிசையில் இருப்போர் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்து எழுதுகின்றனர். மதிப்பெண்ணும் அதற்கேற்பவே கிடைக்கிறது. தயாராக விற்கும் ஒலிப்பெட்டி வாங்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். மன்றத்தின் கையிலோ உறுப்பினர்கள் மாதந்தோறும் சேர்த்த சிறு தொகையே இருந்தது. அந்தப் பணத்தை அச்செழுத்தை நம்பிச் செலவிடலாமா? வாங்கியபின் போர்டில் எதை மாற்றினால் பயன் உண்டு? எதை மாற்றுவது வீண்? ஒரு பருவம் முழுவதும் சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நாங்கள் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம். வீட்டிற்கு இதுபோன்ற ஒன்றை வாங்க எண்ணும் பெற்றோருக்கும் இது உதவும்.

முதல் சோதனைக்குத் தாளும் பேனாவுமே போதும். போர்டுடன் பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரையே கடைக்காரர் தருகிறார். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறோம். 12 × 2 = 24 வாட். உள்ளே புகுவது 24 வாட். வெளியே வருவது 100 வாட் என்றால் ஆற்றல் அழிவின்மை விதியை என்ன செய்வது?

அடுத்தது மின்னழுத்தம் இடும் எல்லை. இந்தப் போர்டுகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளும் மாறி மாறி இயக்கப்படுகின்றன. ஆகவே 12 வோல்ட் வழங்கினால், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் அலையின் உச்சி இரு திசைகளிலும் 12 வோல்ட் வரை எட்டலாம். அதற்கு மேல் ஏற வழியில்லை. உச்சியின் வர்க்கத்தை மின்தடையின் இரு மடங்கால் வகுத்தால் திறன் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 144 ÷ 16 = 9 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 144 ÷ 8 = 18 வாட். எந்தக் கடையில் வாங்கினாலும், எந்த நிறப் போர்டானாலும் இக்கணக்கு மாறாது.

அப்படியானால் 50 வாட் என்பது எங்கிருந்து வந்தது? நாங்கள் வாங்கிய போர்டில் இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் வடிவமைத்த டி.பி.ஏ. 3116 என்னும் சிப். அதன் விவரத்தாளில் 50 வாட் என்பது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள்: மின்சாரம் 21 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம், ஒலியில் 10 சதவீதம் சிதைவு. பத்து சதவீதச் சிதைவு என்றால் குரல் கரகரப்பது காதுக்கே தெரியும். சிப் செய்தவர் பொய் சொல்லவில்லை. உறையை அச்சடித்தவர் நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓடும் பி.ஏ.எம். 8403 என்னும் மிகச்சிறு போர்டையும் இதே கணக்கால் சோதிக்கலாம். 4 ஓமுக்கு 25 ÷ 8, அதாவது 3 வாட்டுக்குச் சற்று மேல். அதன் விவரத்தாள் கூறுவதும் 3 வாட்டே.

இத்தனை சிறிய பொருள் சூடேறாமல் வேலை செய்வது எப்படி? பழைய வீடுகளில் மின்விசிறிக்கு ஒரு கனத்த ரெகுலேட்டர் பெட்டி இருக்கும். வேகத்தைக் குறைத்து வைத்தால் அந்தப் பெட்டி சுடும். விசிறிக்குப் போகாத ஆற்றலில் ஒரு பகுதி அங்கே வெப்பமாக வீணாயிற்று. பழைய வகை ஆம்ப்ளிபயரில் டிரான்சிஸ்டர்களும் இப்படித்தான் பாதி திறந்த குழாயைப்போல் நின்று வேலை செய்கின்றன. பி வகுப்பு ஆம்ப்ளிபயரின் செயல்திறன் கணக்கின்படியே 78.5 சதவீதத்தைத் தாண்டாது. மெதுவாகப் பாடவைக்கும்போது இன்னும் குறைவு. டி வகுப்பிலோ டிரான்சிஸ்டர் பாதி திறப்பதே இல்லை. முழுவதும் திறக்கிறது, அல்லது முழுவதும் மூடுகிறது. திறந்திருக்கும்போது மின்னோட்டம் உண்டு, அதன் குறுக்கே மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லை. மூடியிருக்கும்போது மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. இரண்டின் பெருக்கமே வெப்பம். ஒன்று சுழியாக இருந்தால் பெருக்கமும் சுழிதானே! நல்ல சுமையில் 90 சதவீதத்திற்கும் மேல் ஆற்றல் ஸ்பீக்கருக்கே போகிறது.

திறந்து மூடும் இச்செயல் நொடிக்குச் சுமார் 4 இலட்சம் முறை நடக்கிறது. சிப்பின் உள்ளே ஒரு முக்கோண அலை ஓடிக்கொண்டிருக்கும். வரும் ஒலியலை அதைவிட உயர்ந்திருக்கும் நேரமெல்லாம் சுவிட்ச் திறந்திருக்கும். தாழ்ந்திருக்கும் நேரம் மூடியிருக்கும். ஆகவே ஒலி உயர உயரத் துடிப்பின் அகலம் கூடுகிறது. வெளியேறும் இடத்தில் உள்ள மின்தூண்டியும் மின்தேக்கியும் இந்த வேகமான துடிப்புகளைச் சராசரியாக்கி, நம் காதுக்குரிய 20,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. “டி” என்றால் டிஜிட்டல் என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று, ஏ, பி, சி வகுப்புகளுக்குப் பின் வந்த எழுத்து, அவ்வளவே.

இவ்வகை புதியதும் அன்று. இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் 1964-ல் எக்ஸ்-10 என்ற பெயரில் டி வகுப்பு ஆம்ப்ளிபயரை உதிரிபாகத் தொகுப்பாக விற்றது. பெயரில் 10 இருந்தது. கிடைத்ததோ சுமார் 2.5 வாட்! அச்செழுத்து வாட்டுக்கு அத்தனை நீண்ட பரம்பரை உண்டு. பிறகு 1998-ல் அமெரிக்காவின் ட்ரைபாத் நிறுவனம் கொண்டுவந்த டி.ஏ. 2020 என்னும் சிப்தான், மலிவான சிறு ஆம்ப்ளிபயரிலும் நல்ல இசை கேட்கலாம் என்று பலரை நம்பவைத்தது. அந்நிறுவனம் 2007-ல் திவாலானது. ஆயினும் 2009-ல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் உலகை அசைத்த 25 சிப்களைப் பட்டியலிட்டபோது அதுவும் இடம்பெற்றது.

இனி மேசைக்கு வருவோம். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். மூடி முத்திரையிட்ட அடாப்டரைத் தவிர வேறெதையும் சுவர்ப் பிளக்கில் செருகக் கூடாது. அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே 230 வோல்ட். பற்றவைக்கும் வேலை எல்லாம் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆசிரியையின் கண் முன்னால்.

ஸ்பீக்கரை இணைக்குமுன் மல்டிமீட்டரை நேர்மின் அளவில் வைத்துப் பாருங்கள். வெளியீட்டு முனை ஒவ்வொன்றுக்கும் தரை முனைக்கும் இடையே சுமார் 6 வோல்ட், அதாவது வழங்கும் மின்னழுத்தத்தில் பாதி இருக்கும். ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழச் சுழி இருக்க வேண்டும். அங்கே வோல்ட் கணக்கில் காட்டினால் போர்டு பழுது. ஸ்பீக்கரை இணைத்தால் அதன் சுருள் கருகும். இந்த அளவீடு இன்னொன்றையும் கற்பிக்கிறது. முனையின் அருகே கழித்தல் குறி போட்டிருந்தாலும் அது தரை அன்று. அதிலும் 6 வோல்ட் நிற்கிறது. அதைத் தரையோடு இணைத்தாலோ, இரு ஸ்பீக்கர்களின் கழித்தல் முனைகளை ஒன்றாக முறுக்கினாலோ, அலைநோக்கியின் தரைக் கவ்வியை அங்கே மாட்டினாலோ தீமையே விளையும். பழைய டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் பழகிய அண்ணன்மார் உதவிக்கு வந்தால் இதை அவர்களிடமும் சொல்லிவையுங்கள்!

திறனை அளக்க ஸ்பீக்கர் வேண்டாம். அறையில் உள்ளோர் காது பாவம். 3.9 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.8 ஓம். அதை ஒரு தரை ஓட்டின் மேல் வைக்கவேண்டும், நன்றாகச் சுடும். கைப்பேசிச் செயலி ஒன்றிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தோம். சாதாரண மல்டிமீட்டரின் மாறுமின் அளவு தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் நம்பத்தக்கது. வெளியீட்டில் எஞ்சியுள்ள 4 இலட்சம் ஹெர்ட்ஸ் துடிப்பும் மீட்டரை ஏமாற்றும். ஆகவே மீட்டரின் இரு கம்பியிலும் 1 கிலோஓம் மின்தடை ஒன்று, அவற்றிற்குப் பின் மீட்டருக்குக் குறுக்கே 0.0047 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று. இந்தச் சிறு வடிகட்டி வேலையை முடித்துவிடும். அலைநோக்கி இல்லாத பள்ளியில், 100 ஓம் 1 வாட் மின்தடை வழியாகச் சிறு ஸ்பீக்கர் ஒன்றை ரெசிஸ்டருக்குக் குறுக்கே இணைத்துக் கேட்கலாம். குமிழை மெல்லத் திருப்பும்போது தூய ஒலி திடீரென ரீங்காரம் கலந்ததாக மாறும். அதற்குச் சற்று முன் நிறுத்தி மீட்டரைப் பார்த்தோம்: 7.9 வோல்ட். வர்க்கித்து 7.8 ஆல் வகுத்தால் 8 வாட். தாளில் போட்ட கணக்கு 9. மீதி ஒரு வாட் டிரான்சிஸ்டரிலும் சுருளிலும் கம்பியிலும் போயிற்று.

இச்சோதனையின்போது இன்னொரு மீட்டரை மின்சாரம் நுழையும் முனையில் வைத்திருப்பது மிக நல்லது. மன்றத்தில் இருந்த ஒரு பழைய அடாப்டரை மாட்டியபோது, சுமை ஏறியதும் 12 வோல்ட் 10 ஆக இறங்கியது. கணக்கைப் பாருங்கள்: 100 ÷ 16 = 6.25 வாட். ஒன்பது வாட் ஆறேகாலாகிவிடுகிறது. போர்டைக் குறை கூறுவோர் பலர் உண்மையில் அடாப்டரையே குறை கூறவேண்டும். எனவே நாங்கள் செய்த முதல் திருத்தம் போர்டில் அன்று. நல்ல அடாப்டரும் தடித்த கம்பியுமே. அதைப்போல், போர்டின் பெரிய மின்தேக்கிகளில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் படிக்கவேண்டும். 25 வோல்ட் என்றிருந்தால் 24 வோல்ட் அடாப்டரை அதில் மாட்டுவது விளிம்பில் நடப்பதாகும். 35 வோல்ட் மின்தேக்கி போட்ட பின்னரே மாட்டலாம்.

எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த திருத்தம் அடுத்து வருகிறது. ஒலிப்பதிவில் பேச்சு நிற்கும் இடங்களில் ஸ்பீக்கரிலிருந்து “உஸ்” என்ற இரைச்சல் வந்துகொண்டிருந்தது. இந்தச் சிப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை அதன் அருகேயுள்ள இரண்டு சிறு மின்தடைகள் தீர்மானிக்கின்றன. 20, 26, 32, 36 டெசிபல் என நான்கு நிலைகள் உண்டு. எங்கள் போர்டில் 47, 75 கிலோஓம் மின்தடைகள் இருந்தன. விவரத்தாளின்படி அது 36 டெசிபல், அதாவது 63 மடங்கு. பெருக்கம் கூடுதலாக இருந்தால் “சத்தம் அதிகம்” என்று வாங்குவோர் மகிழ்வர் என்பதால் இப்படி வைக்கிறார்கள் போலும். ஆனால் 12 வோல்ட்டின் எல்லையை எட்ட வெளியீட்டில் 8.5 வோல்ட் போதும். 63 மடங்கில் 0.13 வோல்ட் உள்ளீட்டிலேயே அது நிரம்பிவிடுகிறது. கைப்பேசியின் இயர்போன் முனை அரை வோல்ட் தந்தாலே 20 மடங்கு போதும். எஞ்சிய பெருக்கமெல்லாம் இரைச்சலை வளர்க்கத்தான். அவ்விரு மின்தடைகளையும் எடுத்துவிட்டு, 20 கிலோஓமைத் தரைப் பக்கமும் 100 கிலோஓமை மறுபக்கமும் பற்றவைத்து 26 டெசிபலுக்கு இறக்கினோம். இரைச்சல் கேட்கக் காதை ஸ்பீக்கரின் அருகே கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இதில் ஒரு கூடுதல் பயனும் உண்டு. பெருக்கம் மாறும்போது சிப்பின் உள்ளீட்டு மின்தடையும் மாறுகிறது: 36 டெசிபலில் 9 கிலோஓம், 26 டெசிபலில் 30 கிலோஓம். உள்ளீட்டில் உள்ள மின்தேக்கியும் இந்த மின்தடையும் சேர்ந்தே தாழ்ந்த ஒலி எதுவரை உள்ளே வரும் என்பதை முடிவு செய்கின்றன. மின்தேக்கி 0.22 மைக்ரோபாரட் என்று கொண்டால், 9 கிலோஓமில் எல்லை 80 ஹெர்ட்ஸ்; 30 கிலோஓமில் 24 ஹெர்ட்ஸ். மின்தேக்கியைத் தொடாமலே மிருதங்கத்தின் தொப்பி ஒலி உள்ளே வந்துவிட்டது! இதற்குமேல் பத்து மைக்ரோபாரட் போடுவோரும் உண்டு. காதுக்கு எட்டாத ஒலிக்காக அவர்கள் பெறுவது, சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஒரு “டப்” என்ற அடி. பாடம் கேட்க மட்டும் என்றால் தாழ்ந்த ஒலி குறைவாக இருப்பதே நல்லது. வகுப்பறையில் அது எதிரொலித்து மெய்யெழுத்துகளை மூடிவிடும்.

வெளியீட்டு வடிகட்டியில் 10 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோபாரட் இருந்தன. இவற்றின் எல்லை சுமார் 61 கிலோஹெர்ட்ஸ். கேட்கும் ஒலி 20-க்குக் கீழே, துடிப்பு 400-ல், நடுவே வேலி. அதனால் மதிப்பை மாற்ற வேண்டியதில்லை. 33 மைக்ரோஹென்றி போட்டால் இன்னும் நன்றாக வடிகட்டும் என்று எண்ணலாம். 4 ஓம் ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். பார்க்க வேண்டியது சுருளின் வலிமையை. பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் சுருள் சுட்டால், அதே மதிப்பில் கூடுதல் ஆம்பியர் தாங்கும் சுருளாக மாற்றவேண்டும். துடிப்பு வெளியே கசிகிறதா என்று அறிய வீட்டின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. 400-ன் மடங்குகளான 800, 1200 அதற்குள் விழுகின்றன. போர்டு அருகே ரேடியோவை வைத்து அந்த இடங்களில் திருப்பினால் கசிவு கேட்கும். ஸ்பீக்கர் கம்பிகளைக் குட்டையாக்கி ஒன்றோடொன்று முறுக்கியதும் கசிவு வெகுவாகத் தணிந்தது; செலவு ஒன்றுமில்லை.

விலையுயர்ந்த சிவப்பு மின்தேக்கி போட்டால் “குரல் பட்டுப்போல் மாறும்” என்று ஒரு கடையில் கூறினர். இதைத் தீர்க்க நாணயச் சோதனை செய்தோம். ஒரே மாதிரி இரண்டு போர்டு. ஒன்றில் சிவப்பு மின்தேக்கி, மற்றதில் அதே மதிப்புள்ள சாதாரண மின்தேக்கி. இரண்டின் வெளியீட்டையும் மீட்டரால் சரிசமமாக்கினோம். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதைக் காது எப்போதும் “நன்று” என்றே சொல்லும். திரைக்குப் பின் ஒருத்தி நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று என்று மாற்ற, கேட்பவள் எது என்று எழுதவேண்டும். பத்து முறை. வெறும் ஊகத்தாலேயே ஒன்பதோ பத்தோ சரியாக வர வாய்ப்பு 1024-ல் 11 மட்டுமே; ஆனால் எட்டு அல்லது அதற்கு மேல் வர 1024-ல் 56. ஆகவே ஒன்பதைத் தொட்டால்தான் ஒப்புக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். பாட்டு வகுப்பில் முதலிடம் பெறுபவர்கள் உட்பட எவரும் ஒன்பதைத் தொடவில்லை. சிவப்பு மின்தேக்கியின் விலை போர்டின் விலையில் பாதி.

மிச்சப்பட்ட பணம் ஸ்பீக்கருக்குப் போயிற்று. திறனை இரு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சிறு மாற்றமே. ஸ்பீக்கரின் விவரத்தில் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 84 டெசிபல் என்றும் 90 டெசிபல் என்றும் போட்டிருப்பார்கள். அந்த 6 டெசிபல் வேறுபாடு நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். 90 டெசிபல் ஸ்பீக்கரில் நம் 8 வாட், 84 டெசிபல் ஸ்பீக்கரில் 32 வாட் செய்யும் வேலையைச் செய்கிறது. அவ்வகையில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை வாங்கி, கரும்பலகையின் இரு பக்கமும் தலைக்கு மேலான உயரத்தில் சற்றுச் சாய்த்து மாட்டினோம். கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் சில சமயம் “கிர்ர்” என்ற ஒலி கலக்கும். பாட நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும்.

இப்போது குமிழ் பாதித் தூரம் திரும்பினாலே கடைசி வரிசை வரை ழகர, ளகர வேறுபாடு விளங்குகிறது. போர்டை அடைத்த மரப்பெட்டியின் மேல் நாங்கள் ஒட்டிய சீட்டில் “12 வோல்ட், 8 ஓம், 8 + 8 வாட்” என்று எழுதியிருக்கிறது.